வானத்தின் மீது பழி

எங்கள் குடும்பத்தில் நிலத்தோடு ஒரு வாக்கியமும் பரம்பரையாக வந்திருக்கிறது. "வானம் பொய்ச்சுது, ரெண்டு காணி வந்துது" என்பது அந்த வாக்கியம். என் அப்பாவைப் பெற்ற ஆயா அதைச் சொல்லும்போது குரலில் பெருமையும் இருக்காது, வருத்தமும் இருக்காது. இன்ன வருஷம் இன்ன கிணறு வெட்டினோம் என்று சொல்வாளே, அதே குரல்தான். சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலையைப் பார்த்தாற்போல் கிடக்கிற செம்மண் பூமி அது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் அவளுடைய மாமனார் அதை வாங்கினார். விலை, ஐந்து மரக்கால் கம்பு.

ஐந்து மரக்கால் கம்பு ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாளைக்குக் காணும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தது வெகு காலத்துக்குப் பிறகுதான். ஆறு பேர் கூழாகக் கரைத்துக் குடித்தால் ஒரு மாதம் ஓடும். சிறு வயதில் அந்த வாக்கியத்தில் எனக்கு உறுத்தியது எதுவும் இல்லை. வானம் பொய்த்தது, அதற்கு நாம் என்ன செய்ய முடியும்? வாக்கியத்தின் எழுவாய் வானம். குற்றம் ஏதாவது இருந்தால் அது எழுவாயின் தலையில்தானே விழும்!

சமுத்திரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் நிலத்தில் தொடங்கிவிட்டேன். ஆனால் சமுத்திரத்தின் அடியில் கிடப்பதும் எங்கள் நிலம்தான் என்று ஒருவர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். அதனால் இந்த வரிசை அவ்வளவு தப்பில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில், ஒரு நண்பர் ஊருக்கு வந்திருந்தார். கடலடிச் சேற்றைப் படிப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் இரவு மலையில் நல்ல மழை. மணிமுக்தா ஆற்றுப் பாலத்தில் நின்று இருவரும் வெள்ளத்தை வேடிக்கை பார்த்தோம். செங்காவி நிறத்தில், சருகும் சுள்ளியும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"இது எங்கே போய்ச் சேருகிறது?" என்றார்.

"விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் கலக்கிறது. பிறகு பரங்கிப்பேட்டையில் கடல்."

"அது தண்ணீர் போகிற இடம். மண்?"

நான் பதில் சொல்லவில்லை. எழுபது வருஷமாக அந்த ஆற்றைப் பார்க்கிறேன். தண்ணீர் போகிறது என்றுதான் நினைத்திருக்கிறேன். மலை போகிறது என்று நினைத்ததில்லை.

பாலத்தோரத்தில் நின்ற எருக்கஞ்செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி என்னிடம் கொடுத்து, விரலால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். வெண்மையாக ஏதோ விரலில் ஒட்டியது. "மெழுகு" என்றார். "எல்லா இலையிலும் உண்டு, இதில் கண்ணுக்குத் தெரிகிறது. இலை மக்கிப் போகும். மெழுகு லேசில் மக்காது. மண்ணோடு போய்க் கடலடியில் படிந்துவிடும். பத்தாயிரம் வருஷம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம்."

மெழுகில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிய அளவில் இங்கே சொல்கிறேன்.

கரி என்கிற மூலப்பொருளில் லேசானதும், அதைவிடச் சற்றே கனமானதுமாக இரண்டு ஜாதி உண்டு. காட்டு மரங்களும் நெல்லும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிற முறை ஒன்று. கம்பு, சோளம், வரகு, வறண்ட பூமியில் தழைக்கிற பல புற்கள் ஆகியவை எடுத்துக்கொள்கிற முறை வேறு. இந்த இரண்டாவது கூட்டத்தில் கனமான கரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அந்த வித்தியாசம் இலை மெழுகிலும் தங்கிவிடுகிறது. ஆகவே ஓர் ஆறு கடலில் விழும் இடத்துக்கு அப்பால், சேற்றின் ஓர் அடுக்கிலிருந்து மெழுகைப் பிரித்து ஆராய்ந்தால், அந்தக் காலத்தில் அந்த ஆற்றின் தேசத்தில் மரம் அடர்ந்திருந்ததா, வறட்சியைத் தாங்கும் புல் பரவியிருந்ததா என்று சொல்லிவிடலாம். காட்டைச் சொன்னால் பாதி மழையைச் சொன்ன மாதிரி.

மீதிப் பாதியைச் சொல்ல இன்னொரு சாட்சி இருக்கிறது. கடலின் மேல் நீரில் கடுகைவிடச் சிறிய உயிர்கள் கோடி கோடியாக மிதந்து வாழ்கின்றன. சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்வது அவற்றின் வழக்கம். ஆற்று வெள்ளம் ஏராளமாக வந்து கலக்கும் காலத்தில் கடலின் உப்பு குறைகிறது. நீரில் உள்ள பிராணவாயுவின் கனமும் சிறிது மாறுகிறது. அந்த மாற்றம் ஓட்டில் பதிகிறது. உயிர் போனதும் ஓடு அடியில் விழுகிறது. அதே ஓட்டில் இருக்கும் கதிரியக்கக் கரி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அது விழுந்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆயிற்று என்றும் கணக்கிடுகிறார்கள்.

காற்றுக்கு உருவம் இல்லை என்று படித்திருக்கிறோம். அதற்குக்கூடச் சேற்றில் தடம் உண்டு என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டு வரும் காற்று, அரேபியாவின் ஓமான் கரையை ஒட்டி வீசும்போது மேல் நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடுகிறது. காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, உரம் மிகுந்த நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர் நீரில் 'குளோபிஜெரினா புல்லாய்டிஸ்' என்ற ஒரு வகை நுண்ணுயிர் கொழித்துப் பெருகும். சேற்றில் அதன் ஓடு மிகுந்திருந்தால் அந்தக் காலத்துக் காற்று பலமானது, அருகியிருந்தால் சோனியானது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. அம்மி பறந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அரேபியப் பாலைவனத்திலிருந்து எவ்வளவு பருமனான துகள் பறந்து வந்து கடலில் விழுந்தது என்று அளந்து, அன்றைய காற்றின் வேகத்தை மதிப்பிடுகிறார்கள். நம் கிழவிகள் உவமையாகச் சொன்னது அங்கே அளவுகோலாகிவிட்டது.

இவையெல்லாம் அனுமானம் மட்டும் அல்ல. ஓமானுக்கு அப்பால் 1987-ல் துளைத்தெடுத்த சேற்றைக்கொண்டு, அனில் குப்தா என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 2003-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வட அட்லாண்டிக் கடல் குளிர்ந்த காலங்களிலெல்லாம் நம் தென்மேற்குக் காற்று தளர்ந்திருக்கிறது என்பது அது. எங்கேயோ பனி மிகுந்தால் இங்கே ஏற்றக்காரனின் கிணறு வற்றுகிறது! பிறகு 2006-ல் 'ஜாய்டஸ் ரெஸொல்யூஷன்' என்ற துளைக்கும் கப்பல் இந்தியக் கடல்களில் நூறு நாளுக்கு மேல் வேலை செய்தது. தேடி வந்தது மழையின் சரித்திரத்தை அல்ல. கடலடியில் உறைந்து கிடக்கும் எரிவாயுவை. கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் முகத்துக்கு அப்பால் எடுத்த சேற்றில் ஒரு துண்டு, காமிலோ பான்டன், லிவியு ஜியோசன் ஆகியோரின் கைக்குப் போயிற்று. அவர்கள் 2012-ல் சொன்னது இது: சுமார் 4000 வருஷங்களுக்கு முன் தொடங்கி, 1700 வருஷங்களுக்கு முன்பு வரையில், தக்காணம் படிப்படியாக வறண்டிருக்கிறது. மரத்தின் மெழுகு குறைந்து, வறட்டுப் புல்லின் மெழுகு ஏறியிருக்கிறது.

அந்தக் கப்பல் 2024-ல் தன் கடைசி ஆராய்ச்சிப் பயணத்தை முடித்துக்கொண்டது. அதற்கு முன் உலகக் கடல்களில் அது எடுத்த சேற்றுத் தூண்களை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ச்சிக்கும் மறு பாதியைக் காப்புக்கும் வைத்திருக்கிறார்கள். வங்காள விரிகுடாவில் சர்வதேசத் திட்டத்தின் கீழ் எடுத்தவை கொச்சியில் இருக்கின்றன என்று நண்பர் சொன்னதும், "ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்றேன். "நம் கொச்சி இல்லை ஐயா, ஜப்பானில் ஒரு கொச்சி இருக்கிறது" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. "தாது வருஷம் அதில் தெரியுமா?"

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். "தெரியாது" என்றார். ஆழ்கடலில் ஒரு விரற்கடைச் சேறு படிய இடத்தைப் பொறுத்து நூறு வருஷமும் ஆகும், ஆயிரம் வருஷமும் ஆகும். படிந்ததையும் புழுக்கள் சும்மா விடுவதில்லை. மேலும் கீழுமாகக் கிளறிக் கலக்கிவிடுகின்றன. பிராணவாயு அற்ற சில இடங்களில், கராச்சிக்கு அப்பால் உள்ளதுபோல், புழு வாழ முடியாததால் வருஷ வரிகள் கலையாமல் இருக்கின்றன. மற்றப்படி கடல் வருஷத்தை எண்ணுவதில்லை, நூற்றாண்டைத்தான் எண்ணுகிறது. ஆசியாவின் மரங்களில் வருஷ வளையங்களைப் படித்தவர்களுக்கு 1876 முதல் 1878 வரையிலான வறட்சி நன்றாகவே தெரிந்தது. வங்கக் கடலின் சேற்றில் அது ஒரு மயிரிழைகூட இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சேலம் ஜில்லா, அதாவது எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. அத்தனை பேரும் ஒரு மயிரிழைக்குக் காணவில்லையா?

பாதித் தூக்கத்தில் வேறொன்று புலப்பட்டது. காணவில்லை என்பதற்காகச் சேற்றின் மேல் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அது மழைக்குச் சாட்சி, பசிக்கு அல்ல. ஒரு வருஷத்தையும் நழுவவிடாத உத்தமமான சேறு ஒன்று கிடைத்து, தாது வருஷத்து வறட்சி அதில் கருங்கோடாகவே தெரிந்தாலும், எங்கள் குதிரில் அன்றைக்கு எத்தனை மூட்டை இருந்தது என்பதை அது சொல்லாது.

இதற்குச் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1873-ல் வங்காளத்திலும் பீஹாரிலும் மழை பொய்த்தது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி தருவித்தார். பட்டினிச் சாவு மிகக் குறைவு. 'இப்படியா பணத்தை வாரி இறைப்பது' என்று மேலிடத்தில் அவரை வைதார்கள். 1876-ல் சென்னை ராஜதானியில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த வருஷம் தென்மேற்கும் கைவிட்டது. பசிபிக் சமுத்திரத்தில் நீர் அளவுக்கு மீறிச் சூடேறியிருந்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று இன்று சொல்கிறார்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபு, பஞ்சச் செலவைக் கண்காணிக்க அனுப்பியது யாரைத் தெரியுமா? அதே டெம்பிளை. இந்தத் தடவை அவர் பாடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் கூலி என்று விதித்தார். சென்னையின் சுகாதார கமிஷனராக இருந்த கார்னிஷ், இது உயிர் தாங்காது என்று வாதாடினார். அதே 1877-ல் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு தடவையும் பொய்த்தது மழை. இரண்டு தடவையும் வந்தவர் ஒரே மனிதர். கடலடிச் சேற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். செத்தவர்களுக்கு ஒன்றில்லை.

நம் முன்னோர்கள் வேறு மாதிரி நம்பினார்கள். அரசன் நெறி தவறினால் மழை பெய்யாது என்றார்கள். திருக்குறளில் கொடுங்கோன்மை அதிகாரத்திலேயே அந்தக் கருத்து இருக்கிறது. இளமையில் நான் அதைப் படித்துவிட்டு, பழங்காலத்து அறியாமை என்று ஒதுக்கியதுண்டு. சேற்றைக் கேட்டால் சேறும் என் பக்கம்தான் பேசும். அரசன் என்று ஒருவன் பூமியில் தோன்றுவதற்கு முன்பே மழை எத்தனையோ தடவை பொய்த்திருக்கிறது. எந்தச் செங்கோலும் அதை நிறுத்தவில்லை, எந்தக் கொடுங்கோலும் அதைத் தொடங்கவில்லை. நமது பாவத்துக்குத் தண்டனையாக வறட்சி வருவதில்லை என்று அறிவது ஒரு விடுதலைதான். மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்த ஜனங்களிடம், 'இது உங்கள் குற்றம் அல்ல' என்று சொல்ல முடிந்தால் யார்தான் சொல்லமாட்டார்கள்?

ஆனால் அந்த விடுதலையில் ஒரு மோசடி சேர்ந்துகொள்கிறது. வறட்சி அரசன் குற்றம் இல்லை என்று தெரிந்ததும், பஞ்சமும் அவன் குற்றம் இல்லை என்று சேர்த்தே தள்ளுபடி செய்துவிடுகிறோம். பழைய நம்பிக்கை காரணத்தைத் தவறாகச் சொல்லிற்று. ஆனால் பதில் சொல்ல வேண்டியவனை எழுப்பி நிறுத்திற்று. நாம் காரணத்தைச் சரியாகச் சொல்கிறோம். அவனை உட்காரச் சொல்லிவிடுகிறோம். எது பெரிய பிழை என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: வறட்சி வேறு, பஞ்சம் வேறு. முன்னது வானத்தின் காரியம். பின்னது குதிரின் காரியம்.

வானத்தின் காரியம் என்றுகூட இனி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது போலிருக்கிறது. அதே கப்பல் 2014-ஆம் வருஷக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் பருவமழையைத் தேடியே ஒரு பயணம் போயிற்று. மகாநதிக்கு அப்பால் எடுத்த சேற்றிலிருந்து ஸ்டீவன் கிளெமன்ஸ் குழுவினர் 9 லட்சம் வருஷத்து மழைக் கணக்கை எழுதி 2021-ல் வெளியிட்டார்கள். காற்றில் கரியமில வாயு ஏறிய காலங்களுக்குப் பின்னால் மழையும் ஏறியிருக்கிறது. இன்று அந்த வாயுவை ஏற்றிக்கொண்டிருப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரசன் கோலுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டு என்ற பழைய பேச்சு, யாரும் நினைக்காத வழியில் சுற்றி வந்து வாசலில் நிற்கிறது.

இது நிற்க, எங்கள் இரண்டு காணிக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனது முதல் எங்கள் பக்கத்திலும் நிலம் மனையாகிக்கொண்டிருக்கிறது. தம்பிக்கு அந்த இரண்டு காணியை விற்றுவிட வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி ஒன்றரை வருஷமாகிறது; நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தைச் சொன்னபோது அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"நாம என்ன பண்ணினோம் அண்ணா? அந்தக் கம்பு கிடைக்காம இருந்திருந்தா அந்தக் குடும்பமே செத்திருக்கும். உபகாரம்தான் பண்ணியிருக்காங்க. மழை பெய்யல, அவ்வளவுதான்."

அவன் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. கொள்ளுத்தாத்தாவும் ராட்சஸர் அல்லர். அவருக்கும் எட்டு வாய்கள் இருந்தன. அடுத்த மழை எப்போது என்று அவருக்கும் தெரியாது. அந்த நிலத்து விளைச்சலில்தான் எங்கள் இருவருக்கும் படிப்பு நடந்தது. ஆனாலும் தம்பியின் வாக்கியத்திலும் எழுவாய் மழையாகவே இருப்பதைக் கவனித்தேன்.

நிலத்தை இப்போது வாரத்துக்குப் பயிரிடுகிறவர், அந்த ஐந்து மரக்கால் கம்பைச் சுமந்துகொண்டு போனவரின் வழியில் வந்தவர். ஊரில் இது எல்லாருக்கும் தெரியும்; யாரும் பேசுவதில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். போன புரட்டாசியில் களத்து மேட்டில் அவரோடு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் வீட்டு வாக்கியத்தைச் சொல்லி, "உங்க வீட்ல இதை எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சொல்லலாமா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"எங்க வீட்ல வானத்தைச் சொல்றதில்லீங்க அண்ணே. 'குதிர் நெறைஞ்சிருந்துது, ரெண்டு காணி போச்சு'ம்பாங்க."

"எத்தனை மூட்டைன்னு சொல்லுவாங்களா?"

"நாப்பது."

நூற்றைம்பது வருஷத்தை எட்டப் போகிற ஒரு கணக்கை, நேற்று எண்ணிய மாதிரி அவர் சொன்னார். அது சரியான எண்ணிக்கையா என்று நான் கேட்கவில்லை. கேட்டு ஒத்துப் பார்க்க எங்களிடம் வேறு கணக்கு இல்லை.

மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டை இன்னும் முழுசாகக் காயவில்லை. "நனைஞ்சா முளைச்சுப் போவும்" என்று சொல்லி அவர் எழுந்து வார ஆரம்பித்தார். நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.